மீன் தலைக் கறியும் கதவோரத்து மேசையும்

என் ராசாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலேசியா ஹோட்டலில் நீ போன் பேச வெளியே போனாயே, அந்தப் பத்து நிமிஷத்தில் உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கண்டது கடைசிக் காட்சி மட்டும்தான். நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாய். எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா சட்டென்று எழுந்து, தட்டையும் தூக்கிக்கொண்டு, பழையபடி கதவோரத்து மேசைக்குப் போகிறார். உன் முகம் செத்துப் போனதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் நீ எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை ஒரு பஸ்ஸிலும் அவரை அடுத்த பஸ்ஸிலும் ஏற்றிவிட்டுவிட்டு, சுகன்யாவை வண்டியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். இதை நேரில் சொல்லலாம். ஆனால் பாதியில் ஏதாவது கேலி பேசிக் கெடுத்துவிடுவேன், என் வாய் அப்படி. அந்த வாய் செய்த ஒரு தப்பையும் இதில் சொல்லத்தான் போகிறேன். சீசன் நேரம், அச்சாபீசில் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, தெரியும். ஆனாலும் காலண்டருக்குப் பிழை பார்க்கிற மாதிரி ஒரு வரி விடாமல் படி.

முதலில் ஹோட்டலைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏகப்பட்டது இருந்தது, நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில், ரெண்டு பக்கமும் பட்டாசுக் கடை போர்டாக நிற்கிற இடத்தில் மலேசியாச் சாப்பாட்டுக் கடை ஒன்று வந்திருக்கிறது, சுகன்யாவுக்கு அங்கே சாப்பிட ஆசை என்று நீ சொன்னபோது, "நமக்கு எதுக்குலே அதெல்லாம், ஆளுக்கு ரெண்டு எண்ணெய் பரோட்டாவப் பிச்சுப் போட்டுட்டு வருவோம்" என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் என்ன சோறு பொங்குவார்கள், குழம்பில் புளி சேர்ப்பார்களா, காரம் உண்டா இல்லையா என்று நாலு நாளாக அதே நினைப்பு. மிளகாய் குடோனில் காவல் முடிந்து வந்த உன் அப்பாவிடம் கேட்டால், "போயித் தின்னா தெரிஞ்சிட்டுப் போவுது" என்கிறார். அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. கல்யாணப் பேச்சு எடுத்த பிறகு நாம் நாலு பேரும் சேர்ந்து வெளியே போவது அதுதான் முதல் தடவை என்பதால் வெள்ளை வேட்டியை மட்டும் முதல் நாளே தேய்த்து வைத்துக்கொண்டார்.

நான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும் சுகன்யா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா எங்கத்தை?" என்று கேட்டாள். "அடுத்த பஸ்ல வாராக" என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள், நீ ரோட்டைப் பார்த்தாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபது நிமிஷம் கழித்து உன் அப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏசிக்குள் நுழைந்ததைப் பார்த்துக் கடைப்பையன்கள் சிரித்தார்கள். பட்டாசு மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று பழகிய கால், எங்கே போனாலும் வாசலில் தானாக நின்றுவிடும். உள்ளே வந்ததும் கடைக்காரரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன சாப்பாடு இருக்கிறது என்பதல்ல. "கேஸ் சிலிண்டரு உள்ள இருக்கா வெளிய இருக்கா? பின்பக்கம் வழி இருக்கா?" கடைக்காரர் மிரண்டு போனார், ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்திருப்பார். எல்லாம் விசாரித்துவிட்டு, நாம் மூன்று பேரும் நடுவில் ஒரு மேசையில் உட்கார, அவர் வழக்கம் போலக் கதவோரத்தில் தனி மேசையில் போய் உட்கார்ந்தார். பழகிப் போனதை யார் கேட்பார்கள்?

நாசி லெமாக் என்று தட்டு வந்ததே, அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்ப் பாலில் பொங்கிய சோறு; பக்கத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு, வறுத்த நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை, சிவப்பாக ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல். கருவாடு தூத்துக்குடி, கடலையும் மிளகாயும் விருதுநகர். எல்லாம் நம் பஜாரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இப்படி ஒரே தட்டில் சேர்க்க நமக்குத் தோன்றவில்லையே! கடைக்காரரைக் கூப்பிட்டு, "மிளகா மலேசியாவுல இருந்து வருதா?" என்று கேட்டேன். "நல்லாக் கேட்டீக அக்கா, விருதுநகர்லதான் வாங்குதேன். வெத எடுத்துட்டு ஊறப்போட்டு அரைச்சு, எண்ணெயில ஒரு மணி நேரம் சுருள வதக்கணும். கொஞ்சம் சர்க்கரையும் போடணும்" என்றார். மிளகாயில் சர்க்கரை! நான் நம்பவில்லை, தொட்டு நாக்கில் வைத்தேன், முதலில் இனிக்கிறது, அப்புறம்தான் ஏறுகிறது. சோற்றில் என்ன வாசம் என்று கேட்டதற்கு, ரம்பை இலை என்று சொல்லி, கொல்லைப்பக்கம் தொட்டியில் வளர்த்திருப்பதைக் காட்ட என்னைக் கூட்டிப் போனார். பினாங்கில் பதினெட்டு வருஷம் அடுப்படியில் நின்றவராம், சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். இலை ஒன்றைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். மறுநாள் நம் வீட்டுச் சோற்றில் போட்டுப் பார்த்தேன், வாசம் வந்தது, ருசி வரவில்லை. ஏன் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

அப்புறம் மீன் தலைக் கறி. என் கைக்கு இரண்டு மடங்கு பெரிய தலை, வெண்டைக்காயும் கத்தரிக்காயும் மிதக்க, மண்சட்டியில் கொதித்தபடியே வந்தது. உன் அப்பாவுக்கு ஒரு கிண்ணத்தில் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நான் சொன்னதும் கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "அக்கா, இது ஒரே சட்டியில வச்சு எல்லாரும் கை போட்டு எடுக்கிறது. பிரிச்சா தல எந்த மேசைக்குப் போகும்? ஐயாவ இங்கன வந்து உக்காரச் சொல்லுங்க. நாலாவது நாற்காலி சும்மாதான கெடக்கு" என்றார். கதவோரத்திலிருந்து உன் அப்பா, "எனக்குக் கொளம்பு மட்டும் போதும்" என்று சத்தம் கொடுத்தார். குழம்பு மட்டும் கிண்ணத்தில் போயிற்று. மீனில் எது நல்ல இடம் என்று நான் கேட்டபோது, கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு சதை இருக்கும், அதை அந்த ஊரில் மேசையில் யாருக்கு மரியாதையோ அவர்களுக்கு எடுத்து வைப்பார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அந்த நேரத்தில்தான் உன் போன் அடித்தது. லோடு ஏற்றுகிற இடத்தில் ஏதோ தகராறு என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

நீ போனதும் நான் சுகன்யாவிடம் கேட்டேன். "ஏம்மா, தேதியக் குறிங்கன்னா இவன் சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்ங்கிறான். சிவகாசியில என்னைக்கு சீசன் முடிஞ்சிருக்கு? காலண்டரு முடிஞ்சா டைரி, டைரி முடிஞ்சா நோட்டு. ஒங்கிட்டயாவது உள்ளதச் சொன்னானா?" அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பொய் வராது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. சொன்னாள்: "சீசன் இல்லத்தை. அவுகளுக்குப் பயம். 'எங்க அப்பாவும் அம்மாவும் ஒரே மேசையில உக்காந்து நான் பாத்ததில்ல, ஒரே பஸ்ல ஏறுனதில்ல. ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. எனக்காகத்தான் காலத்த ஓட்டிட்டாக. அதப் பாத்து வளந்தவன் நான், ஒன்னய எப்படி வச்சுக்குவேன்னு எனக்கே தெரியல'ன்னு சொன்னாக."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எடுத்த வாய்ச் சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். ஆகாதா? எனக்கும் அவருக்குமா? இருபத்தெட்டு வயசுப் பிள்ளை, என் வயிற்றில் பிறந்தவன், இதை இத்தனை நாளும் மனசில் வைத்துக்கொண்டா எங்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தான், பொங்கலுக்குக் கரும்பு வாங்கி வந்தான்? ராசா, இப்போது நான் சொல்கிறதை நன்றாகக் கேள்.

நானும் உன் அப்பாவும் நாரணாபுரம் பக்கத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். தரைச்சக்கரம் சுற்றுகிற அறை. ஓர் அறைக்கு நாலு பேர்தான், அதற்கு மேல் ஓர் ஆள் நுழையக் கூடாது, அதுதான் அங்கே சட்டம். கல்யாணமான புதிதில் போர்மேனிடம் பல்லைக் காட்டி, என்னைத் தன் அறைக்கே மாற்றி வாங்கியது உன் அப்பாதான். அந்த அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் எங்களைக் கேலி செய்தே நாளை ஓட்டுவார்கள். ஒரே வேனில் போவோம், ஒரே தூக்குவாளிச் சோற்றை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்போம். முட்டையில் மஞ்சள் எனக்கு, வெள்ளை அவருக்கு. அப்படி இருந்தவர்கள் நாங்கள்.

உனக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது நம் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, வேறொரு கம்பெனியில் எங்களை மாதிரியே ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரே வெடிவிபத்தில் போய்விட்டார்கள். அவர்களுக்கு மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. எல்லாம் முடிந்து, சித்தி வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிப் போகிறவரை அந்தக் குழந்தை தெருவில்தான் இருந்தது. சாயங்காலம் வேன் வருகிற நேரமானால் முக்குக்கு வந்து நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "வேன் வந்துருச்சா, வேன் வந்துருச்சா" என்று கேட்கும். ஒருநாள் உன் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அவர் வீட்டுக்கு வந்து, தூளியில் கிடந்த உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலையில் என்னிடம், "நாளையில இருந்து நீ வேற ரூம்பு, நான் வேற ரூம்பு. வேனும் வேற. ரெண்டு பேரும் இனிமே எங்கயும் ஒரு எடத்துல இருக்கக் கூடாது. ஒருத்தராவது மிஞ்சணும் பிள்ளைக்கு" என்றார். நான் சரி என்றேன். கம்பெனியில் எல்லாரும் எங்களுக்குள் சண்டை என்றே பேசினார்கள். நாங்கள் மறுக்கவில்லை.

அவருக்கு ஒன்று பிடித்துக்கொண்டால் உடும்புப் பிடிதான், உனக்கே தெரியும். அறையில் தொடங்கியது வேனுக்கு வந்தது, வேனிலிருந்து பஸ்ஸுக்கு வந்தது, அப்புறம் சினிமா, கோயில் கூட்டம், ஹோட்டல். குலசாமி கும்பிடப் போனால்கூட நீயும் நானும் முதல் பஸ், அவர் அடுத்த பஸ். "இதுல ஒங்க கணக்கு ஒதைக்குதே, பிள்ளையும் நானும் ஒரே பஸ்லதான போறோம்" என்று ஒருநாள் கேட்டேன். "பஸ் ஏறுற நேரத்துல கணக்குப் பாக்காத" என்று கோபித்துக்கொண்டார். "ஓட்டல்ல என்ன மருந்தா அரைக்கான்?" என்று கேட்டேன். "கேஸ் இருக்குல்ல" என்றார். வீட்டுக்குள் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அவருக்கு வேன் ஆறரைக்கு, எனக்கு ஏழேகாலுக்கு. அவர் தின்றுவிட்டுப் போனபின் நான் தின்பேன். சாயங்காலமும் அவர் வேன்தான் முந்தி வரும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் பாக்கி, அன்றைக்கும் பழக்க தோஷத்தில் அவர் முந்திவிடுவார், நான் பிந்திவிடுவேன். நீ பார்த்தது இதைத்தான்.

சாயங்காலம் அவர் வேன் முந்தி வரும் என்றேன் அல்லவா, நேராக வீட்டுக்கு வந்திருக்கிறாரா என்று யோசித்துப் பார். அப்பா முக்குக் கடையில் டீயும் கையுமாக நிற்கிறார், வீட்டுக்கு வரவே அவருக்கு மனசில்லை என்று நீ ஏழாவது படிக்கும்போது ஒருநாள் முனகினாய், எனக்கு நினைவிருக்கிறது. அவர் அங்கே எதற்காக நிற்கிறார் என்று எனக்கும் சந்தேகம்தான். என் புத்திதான் சும்மா இருக்காதே, அந்த டீக்கடைக்கார அண்ணாச்சியிடமே கேட்டேன். "ஏம்மா, ஒனக்குத் தெரியாதா? ஒன் வேன் திரும்புறதப் பாத்ததும்தான் டீயையே வாயில வைப்பாரு. அதுக்குள்ள அது ஆறிச் சவத்துப் போகும். வேற டீ போட்டுத் தரவான்னாலும் வேண்டாம்பாரு" என்றார். அவர் வேனுக்கும் என் வேனுக்கும் முக்கால் மணி நேரம் இடைவெளி. பன்னிரண்டு வருஷம், ஒருநாள் தவறாமல் நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வருவார். நானும் தெரியாத மாதிரி பின்னால் நடந்து வருவேன். எனக்கு அது போதுமாக இருந்தது ராசா. உனக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது என் தப்பு. நீ அஞ்சாவது படிக்கும்போது ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு வாங்கினாய். ஆண்டு விழாவில் நான் முன் வரிசையில் இருந்தேன், உன் அப்பா பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கம்பி வழியாகப் பார்த்தார். மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் மேடைக்குப் பக்கத்தில் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கையில் அந்தப் பரிசு டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்டாய்: "எம்மா, ஒனக்கும் அப்பாவுக்கும் சண்டையா?" நான் சிரித்துக்கொண்டே, "ஆமாலே, தாலி கட்டுன அன்னைக்கு ஆரம்பிச்ச சண்ட, இன்னும் ஓயல" என்றேன். அது எனக்கு வாயில் வந்த ஒரு நையாண்டி, அவ்வளவுதான். நீ சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடித் திறந்து மூடித் திறந்து வந்தாய். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து வயசுப் பிள்ளை தினமும் காலையில் எங்கள் வேனைப் பார்த்துப் பயந்து அழுமே என்றுதான் கேலியாகத் தள்ளிவிட்டேன். அது ஒரு சமாதானம். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த வேலையையே விட்டுவிட்டு, விருதுநகருக்குக் குடிவந்து இத்தனை வருஷம் ஆகிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவரிடம் சோற்றில் என்ன இலை என்று கொல்லைவரை போய் விசாரிக்கிற நான், பெற்ற பிள்ளையிடம் "ஏலே, அன்னைக்கு ஏன் சிரிக்கல?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இதற்கு நீ என்னைத் திட்டலாம்.

சரி, அந்தப் பத்து நிமிஷத்துக்கு வருகிறேன். சுகன்யா சொன்னதைக் கேட்டதும் நான் கதவோரம் திரும்பி, "இங்கன வாங்க. தட்டோட வாங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். "ஒங்க மகன் சொன்னத வந்து கேளுங்க." அவர் எழுந்து வந்து நாலாவது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. நான் முறைத்தேன். கதவைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார், வெளியே போன் பேசிக்கொண்டிருந்த உன்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். வேப்பமரத்தடிக்கு அப்புறம் வெளியிடத்தில் நானும் அவரும் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் ராசா. என் முழங்கை அவர் முழங்கையில் இடித்தது. எனக்குப் புது மாப்பிள்ளையோடு உட்கார்ந்த மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது.

சுகன்யா தயங்கித் தயங்கி மறுபடியும் சொன்னாள். உன் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "ஆகாதுன்னா நெனச்சிருக்கான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "இம்புட்டு வருசமாவா?" நான் தலையை ஆட்டினேன். "அப்ப ஏன் மாமா தனித்தனியா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. யாரிடமும் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன், அவளிடம் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னார். வேட்டியைப் பிடித்து இழுத்ததைச் சொன்னார். "பிள்ள அநாதையா நின்னுறக் கூடாதுன்னுதான்மா செஞ்சேன். அவன் பாட்டுக்கு ஒத்தையில நின்னுக்கிட்டு இருந்திருக்கான், எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். சுகன்யா அழுதுவிட்டாள். உன் அப்பா சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மீனின் கன்னத்துச் சதையை ஒரு சில்லுகூட உடையாமல் எடுத்து உன் தட்டில் வைத்தார். "கடைக்காரரு சொன்னப்ப அவன் கண்ணு இங்கனதான் இருந்துச்சு. அதுக்குள்ள போன் வந்துருச்சு" என்றார். கதவோரத்தில் உட்கார்ந்து அவர் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்திருக்கிறார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. "சம்பல் காரம்" என்றார். விருதுநகர் மிளகாய் மூட்டைக்கு நடுவில் காவல் இருக்கிற மனுஷனுக்குக் காரமாம்! அப்போதுதான் நீ கதவைத் திறந்தாய். பிள்ளை முன்னால் அழக் கூடாது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். நீ வந்ததற்காகப் போகவில்லை. நீ உட்கார்ந்ததும் தட்டில் இருந்த சதையைப் பார்த்து, "நீ வச்சியா?" என்று சுகன்யாவைக் கேட்டாய். நீ சொல்லாதே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவளுக்கு நான் கண்ணைக் காட்டினேன். நீ அதை இரண்டாக்கிப் பாதியை அவளுக்கு வைத்தாய். அந்தப் பாதியை வைத்த கை, பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாத கையா? எனக்கு அப்படித் தெரியவில்லை.

உனக்குப் பெரிதாகப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு காரணத்துக்காக அந்தப் பிள்ளையிடமிருந்து நீ நாற்காலியைத் தள்ளிப் போட்டால், காரணத்தை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிடு. அவளாகத் தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிடாதே. எதையாவது கேட்டால் என்னை மாதிரி கேலி பேசித் தப்பிக்காதே. எங்கள் இரண்டு பேருக்கும் ஆகும் ராசா, நன்றாகவே ஆகும். பயந்தோம், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் உன் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். கடைக்காரரிடம் அன்றைக்கே நம்பர் வாங்கி வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது. போனைப் போட்டு, "ஞாயித்துக்கெழம மத்தியானம் வாரோம். ஆமா, அந்த மீன் தல. நாலு பேரு. இல்ல, ஒரே மேசதான்" என்றார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வைத்துவிட்டு என்னிடம், "என்ன பாக்க? ஒரு ரூம்புக்கு நாலு பேரு வரைக்கும் சட்டம் இருக்குல்ல" என்றார். பஸ் விஷயமாக மட்டும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. ஒரே பஸ் என்பது வரைக்கும் வந்துவிட்டார், நான் முன்வாசலிலும் அவர் பின்வாசலிலும் ஏற வேண்டும் என்கிறார்.

சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு நேரத்தோடு வந்துவிடு. ஊருக்கெல்லாம் அடுத்த வருஷக் காலண்டர் அடிக்கிற அச்சாபீசில் இருக்கிறாய், முகூர்த்த நாள் போட்டதாகப் பார்த்து ஒன்று எடுத்து வா. மீன் தலை வெந்து வருவதற்குள் தேதியைக் குறித்துவிடலாம். உன் அப்பா கேட்டு வாங்கியிருப்பது கதவோரத்து மேசைதான். அதை மட்டும் நாம் மூன்று பேரும் பொறுத்துக்கொள்வோம்.

உன் அம்மா